கம்போங் பாருவிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை: பன்மைச் சமூகம் என்றால் என்ன?

கோலாலம்பூரில் கிளானா ஜெயா எல்ஆர்டி தடத்தில் கம்போங் பாரு நிலையத்தில் ஏறினால் டாங் வாங்கி, மஸ்ஜிட் ஜாமெக், பசார் செனி தாண்டி கேஎல் சென்ட்ரல் வந்துவிடும். உட்கார இடம் தேடுவதற்குள் இறங்க வேண்டியதுதான். ஏறிய இடம், 1900இல் பிரிட்டிஷார் மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய விவசாயக் குடியிருப்பு. பசார் செனியில் இறங்கியிருந்தால் பெட்டாலிங் ஸ்ட்ரீட், சீனர் கடைவீதி. சென்ட்ரலுக்கு வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ், ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்கள் குவார்ட்டர்ஸில் குடியிருந்த பகுதி. மூன்று கூட்டத்தார் தற்செயலாக இப்படி மூன்று பக்கம் போய் உட்கார்ந்துவிடவில்லை. யார் எங்கே இருக்க வேண்டும், என்ன வேலை பார்க்க வேண்டும் என்பதற்குப் பின்னால் சட்டமும் கணக்கும் சம்பளப் பட்டியலும் இருந்தன.

ஒரே ஆட்சியின் கீழ், ஒரே ஊரில், பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டே தனித்தனியாக வாழும் மக்கள் கூட்டத்துக்குப் பன்மைச் சமூகம் என்று பெயர். கேட்டதும் சுற்றுலா விளம்பரம் ஞாபகத்துக்கு வரலாம்: பாஜு குரோங், சியோங்சாம், சேலை கட்டிய மூன்று பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்களே, அது. ஆனால் இந்தப் பெயரை வைத்தவர் பாராட்டாக வைக்கவில்லை. நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்து நோயின் பெயரைச் சொல்லும் வைத்தியரைப் போலத்தான் சொன்னார்.

அவர் பெயர் ஜே. எஸ். ஃபர்னிவல். 1902இல் பர்மாவுக்கு அதிகாரியாக வந்த ஆங்கிலேயர். பர்மாவையும் டச்சுக்காரர்கள் ஆண்ட இந்தோனேசியாவையும் வைத்து, 1930களிலும் 40களிலும் இந்தக் கருத்தை எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: இங்கே பல இனத்தார் கலந்து நடமாடுகிறார்கள், ஆனால் ஒன்று சேர்வதில்லை. ஒவ்வொருவருக்கும் தனி மதம், தனி மொழி, தனிப் பழக்கவழக்கம். ஒருவரை ஒருவர் பார்ப்பது சந்தையில் மட்டும், வாங்கும்போதும் விற்கும்போதும். வேலையும் இனவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. மேலே காலனி அரசு எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய கவலை.

கவலைக்குக் காரணம் இருந்தது. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல் கம்பெனிகள் பர்மியர்களை அந்த வேலைக்கு எடுத்தன. கொஞ்ச நாளில் சமரசம் ஆனது. தெலுங்கர்கள் திரும்பி வந்ததும் பர்மியர்களை வெளியே அனுப்பினார்கள். கூலித் தகராறாக முடிந்திருக்க வேண்டியது, ஆட்களை வெட்டும் இனக்கலவரமாகிவிட்டது. பன்மைச் சமூகத்தின் ஆபத்து இங்கேதான். ஒரு வேலை முழுக்க ஓர் இனத்தின் கையில் இருந்தால், அந்த வேலையைப் பற்றிய எந்தச் சண்டையும் இனச்சண்டையாகத்தான் தெரியும். கடன் கொடுத்தவர் செட்டியார், நிலத்தை இழந்தவர் பர்மிய விவசாயி என்றால், வட்டியைப் பற்றிய கோபம் தமிழன் மீதான கோபமாக மாற எத்தனை நாளாகும்?

சரி, மலாயாவுக்கு வருவோம். ஃபர்னிவல் முக்கியமாகப் படித்தது இந்த நாட்டை இல்லை. இருந்தாலும், அவர் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

எப்படிக் கட்டினார்கள்?

1786இல் பிரான்சிஸ் லைட் கெடா சுல்தானிடமிருந்து பினாங்கை வாங்கினார். வாங்கினார் என்று சொல்வது மரியாதைக்காக. படை உதவி தருவதாகப் பேசி, தராமல் விட்ட கதை அது. 1824இல் லண்டனும் ஹேக்கும் ஓர் ஒப்பந்தம் போட்டு மலாக்கா நீரிணையின் நடுவில் கோடு கிழித்தன. இந்தப் பக்கம் ஆங்கிலேயருக்கு, அந்தப் பக்கம் டச்சுக்காரருக்கு. சுமத்ராவுக்கும் மலாயாவுக்கும் இடையே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்களை யாரும் கேட்கவில்லை. 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் ஒரே நிர்வாகமாயின. 1874இல் பேராக் சுல்தானுக்கு ஆங்கிலேய ஆலோசகரை வைத்த பங்கோர் ஒப்பந்தம், 1896இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் சேர்ந்த கூட்டு மாநிலம், தலைநகர் கோலாலம்பூர். 1909இல் கெடா, பெர்லிஸ், கிளாந்தான், திரங்கானு சயாமிடமிருந்து கைமாறின. இவ்வளவும் தெரிந்தால் போதும், மேலே போகலாம்.

ஈயம் தோண்ட ஆள் வேண்டும், சீனர் வந்தார்கள். கோலாலம்பூரே 1857இல் கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடும் இடத்தில் இறங்கி அம்பாங்குக்கு ஈயம் தேடிப் போன சீனர்களால் உண்டான ஊர். அப்புறம் ரப்பர் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்து வருடங்களில் விலை ஏறியதும் காட்டை அழித்துப் பால்மரம் நட்டார்கள். பால்மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்க, ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். கூலி மலிவாக இருக்க வேண்டும், வெள்ளைக்காரன் ஆட்சிக்குப் பழகியவர்களாகவும் இருக்க வேண்டும். சென்னை மாகாணம் கையருகில் இருந்தது.

முதலில் ஒப்பந்தக் கூலி முறை, அதாவது கப்பல் செலவைக் கடனாக வைத்து, அது தீரும்வரை வேலை வாங்குவது. அது 1910இல் ஒழிந்தது. அதன் இடத்தில் ஓங்கியது கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரையே அவருடைய சொந்த ஊருக்கு அனுப்பி, சொந்தம் பந்தம், ஊர்க்காரர்களைக் கூட்டிவரச் சொல்வார்கள். தோட்டத்துக்கு வந்த பின் அவர்கள் அந்தக் கங்காணியின் ஆட்கள். காலையில் பெரட்டுக் களத்தில் எத்தனை பேர் வந்து நின்றார்களோ, தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. ஒருவர் காய்ச்சலில் படுத்தால் கங்காணிக்கும் நஷ்டம். அவரை ஏன் எழுப்பி விரட்டினார்கள் என்று இதிலிருந்தே புரியும்.

இதற்கு மேல் ஒரு கெட்டிக்காரத்தனமும் செய்தார்கள். 1907இல் குடியேற்ற நிதி ஒன்றை ஏற்படுத்தினார்கள். தென்னிந்தியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள் எல்லோரும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில்தான் கப்பல் செலவு. ஊருக்கு ஆள் அனுப்பாத தோட்டக்காரரும் கட்டியே ஆக வேண்டும். கட்டிய பணம் வீணாகாமல் இருக்க அவரும் கங்காணியை அனுப்பத்தான் பார்ப்பார். வந்தவர் கடனோடு இறங்கவில்லை, அதனால் இது அடிமைத்தனம் இல்லை என்று லண்டனில் சொல்லிக்கொள்ளவும் முடிந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்குக்குப் பக்கத்தில் புலாவ் ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காக அடைபட்டுக் கிடந்து, பிறகு தோட்டத்துக்கு லாரியிலோ ரயிலிலோ போனவர்கள் இந்த நாட்டுத் தமிழர்களில் பெரும்பாலோருடைய தாத்தா பாட்டிகள். 1931 குடிக்கணக்கில் மலாயாவில் இந்தியர்கள் 6 லட்சத்துக்கும் மேல்.

மலாய்க்காரர்கள் ஏன் தோட்டத்து வேலைக்குப் போகவில்லை? 'சோம்பேறி' என்று அப்போது எழுதிவைத்ததை இன்றைக்கும் சிலர், நம்மவர்களும்தான், கூசாமல் சொல்கிறார்கள். சையத் உசேன் அலத்தாஸ் என்ற அறிஞர் இந்தக் கட்டுக்கதையை 1970களில் பிரித்துப் போட்டுக் காட்டினார். சொந்தமாக வயலும் கம்பம் என்ற கிராமமும் ஆறும் உள்ளவன், அடிமட்டக் கூலிக்கு விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து இன்னொருவன் மரத்தை வெட்டப் போக மாட்டான். அதற்குப் பெயர் கணக்குத் தெரிந்தவன். வேலைக்கு வராதவனை முதலாளி சோம்பேறி என்பது புதிதில்லை.

ஆனால் மலாய்க்காரர்களை வயலிலேயே நிறுத்திவைக்கவும் அரசு முயன்றது. 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தது. நிலம் வெளியார் கைக்குப் போகாமல் அது காப்பாற்றியது உண்மை. அதே சமயம் மலாய்க்காரர் என்றால் நெல் விளைவிப்பவர் என்ற எண்ணத்தையும் உறுதியாக்கியது. மலாய்ப் பள்ளியின் நோக்கம், மீனவர் மகனை அப்பாவைவிடக் கொஞ்சம் விவரமான மீனவராக ஆக்குவது என்று 1920இல் அரசு அறிக்கையிலேயே எழுதினார்கள். பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் 1905இல் கோலா கங்சாரில் தனிக் கல்லூரி.

இப்படித் தமிழ்ப் பிள்ளைக்குத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி, சீனப் பிள்ளைக்குச் சீனப் பள்ளி, மலாய்ப் பிள்ளைக்குக் கம்பத்துப் பள்ளி, பட்டணத்தில் கொஞ்சப் பேருக்கு ஆங்கிலப் பள்ளி. அரசாங்கமும் தனித்தனி வாசல் வைத்திருந்தது. சீனர் விஷயத்தைக் கவனிக்க 1877இலேயே ஓர் இலாகா. தென்னிந்தியத் தொழிலாளருக்குத் தொழில் இலாகா. மலாய்க்காரருக்குச் சுல்தானும் மாவட்ட அதிகாரியும். மூவரும் ஒரே அலுவலக வரிசையில் நின்று ஒரே குறையைச் சொல்ல வாய்ப்பே இல்லாதபடி அமைந்த நிர்வாகம் அது.

பெட்டிகள் எப்போது போட்டார்கள்?

இன்று எந்த விண்ணப்பப் பாரத்தை எடுத்தாலும் 'பங்சா', அதாவது இனம், என்று ஒரு வரி: மெலாயு, சீனா, இந்தியா, லாயின்-லாயின் (மற்றவர்). பேனாவை எடுத்து ஒன்றில் கோடு போட வேண்டும். இந்த நாலு பெட்டி ஆதி காலத்திலிருந்து இருப்பதில்லை. 1871இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் குடிக்கணக்கு எடுத்தபோது நீளமான பட்டியல்தான் இருந்தது. ஆச்சேக்காரர், அரபியர், பர்மியர், புகிஸ், ஜாவானியர், பார்சிகள், சயாமியர், தமிழ் முஸ்லிம்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் பிறந்த ஜாவி பெக்கான் என்று கலந்துகட்டி எழுதியிருந்தார்கள். 1891இல் அவை பெரிய தலைப்புகளின் கீழ் அடைக்கப்பட்டன. நமக்கு வந்த தலைப்பு 'தமிழரும் இந்தியாவின் பிற குடிகளும்'. கொஞ்ச காலத்தில் அதுவும் போய் 'இந்தியர்' ஆனோம். ஜாவி பெக்கான் எந்தப் பெட்டி? ஒரு காலத்தில் தனி வரியாக இருந்தவர்கள், பிற்காலத்தில் பெரும்பாலும் மலாய்க்காரர்களாகவே கணக்கில் வந்தார்கள்.

பெட்டிகள் கெட்டியாகும் முன் வாழ்க்கை எப்படி இருந்தது என்று பார்க்கப் பினாங்கைவிட நல்ல ஊர் இல்லை. 1867 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுனில் பத்து நாள் போல பெரிய கலவரம். சீனருக்கும் மலாய்க்காரருக்கும் சண்டை என்று நினைப்பீர்கள். இல்லை. கீ ஹின் என்ற சீன ரகசியச் சங்கமும் வெள்ளைக்கொடி என்ற முஸ்லிம் சங்கமும் ஒரு பக்கம். தோ பெ கோங் என்ற, ஹொக்கியன் பேசும் சீனர்களின் சங்கமும் செங்கொடி என்ற முஸ்லிம் சங்கமும் எதிர்ப்பக்கம். கொடிச் சங்கங்களில் மலாய்க்காரர், தமிழ் முஸ்லிம்கள், ஜாவி பெக்கான் எல்லோரும் இருந்தார்கள். ஆர்மீனியன் தெருவும் ஆச்சே தெருவும் அந்தச் சண்டையின் களங்கள். ஈயச் சுரங்கக் குத்தகை, வரிக் குத்தகை, பேட்டைப் பெருமை இவற்றுக்காக அடித்துக்கொண்டார்கள். ரத்தம் சிந்தியதை நான் சிலாகிக்கவில்லை. கூட்டாளியையும் எதிரியையும் இனம் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன். கலவரம் முடிந்ததும் அரசு விசாரணை வைத்து, சங்கங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. இனம் தாண்டிய கூட்டுகளுக்குச் சந்தேகக் கண் விழுந்தது அப்போதிருந்துதான்.

'இந்தியர்' பெட்டிக்குள்ளே

ஃபர்னிவலைப் படிக்கும்போது எனக்குப் போதாமையாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வோர் இனமும் ஒரே குடும்பம் மாதிரி உள்ளுக்குள் ஒற்றுமையாக இருந்ததாக நினைக்கத் தோன்றும். ஒரு ரப்பர் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டில் பங்களா, அங்கே துரை, அதாவது வெள்ளைக்கார மேலாளர். கொஞ்சம் கீழே கிராணி என்ற எழுத்தர் வீடு. அவர் பெரும்பாலும் மலையாளி அல்லது யாழ்ப்பாணத் தமிழர், ஆங்கிலம் தெரிந்தவர், சம்பளப் புத்தகம் அவர் கையில். அதற்கும் கீழே கங்காணி, தண்டல். கடைசியில் லயம், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். பல தோட்டங்களில் சாதி பார்த்து லயம் பிரித்தார்கள், தண்ணீர்க் குழாயும் கோயிலும் பிரிந்தன. ஓரத்தில் கள்ளுக்கடை, கூலிக்காசு சுற்றி வரும் இடம். தாய்மார் பால்மரம் வெட்டப் போனால் பிள்ளைகளுக்கு ஆயா கொட்டகை. மேட்டிலிருந்து லயம் வரை நடந்தால் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. அந்த ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே ஒரு பன்மைச் சமூகம்.

பட்டணத்தில் வேறு கதை. கோலாலம்பூர் லெபோ அம்பாங் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடை போட்டு, தரையில் பாய் விரித்துப் பெட்டகத்தோடு உட்கார்ந்து, சீன சுரங்க முதலாளிக்கும் மலாய் நிலக்காரருக்கும் கடன் கொடுத்தார்கள். பினாங்கு சூலியா தெருவில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள். அவர்களுடைய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் தொடங்கியது, தோட்டத்துத் தமிழருக்கு நூறு வருடம் முந்தியது. காவடித் தண்டு மாதிரி கம்பின் இரு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகக் கூலிகளுக்கு விற்றவர்களின் வியாபாரம்தான் இன்றைய நாசி கண்டார். பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூல் ரயில் பட்டறையிலும் யாழ்ப்பாணத்தவர் நிறைய. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் பள்ளிகள் முன்பே ஆங்கிலம் சொல்லிக் கொடுத்திருந்ததால், இங்கே எழுத்து வேலைக்கு ஆள் கேட்டபோது அவர்கள் தயாராக இருந்தார்கள். அவர்களுக்குத் தனிக் கோயில், தனிச் சங்கம், கல்யாணத் தொடர்பும் தங்களுக்குள்ளேதான். இன்னொரு பக்கம், தம்புசாமிப் பிள்ளை போன்ற செல்வந்தர்கள் 1873இல் கோலாலம்பூரில் மாரியம்மன் கோயிலைத் தொடங்கினார்கள். பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம்.

லயத்துப் பெண்ணும் லெபோ அம்பாங் செட்டியாரும் ஸ்காட் ரோட்டுக் கிராணியும் பினாங்கு மரைக்காயரும் பாரத்தில் ஒரே பெட்டி. ஒருவருக்கு ஒருவர் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் வைத்திருப்பார்களா என்பதே சந்தேகம். இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், 'இந்தியர்களின் சராசரி வருமானம்' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் இந்தப் பெட்டிக்குள் வக்கீலும் டாக்டரும் தோட்டத்தை விட்டு வந்து பிளாட்டில் குடியிருப்பவரும் சேர்ந்தே இருக்கிறார்கள். சராசரியில் வக்கீல் தெரிவார். மற்றவர் தெரிய மாட்டார்.

இதே தோட்டத்திலிருந்து எதிர்ப்பும் வந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் முன்னின்றார். அவர்கள் கேட்டவற்றில் சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி உண்டு. கள்ளுக்கடையை மூடு என்பதும் பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு என்பதும் உண்டு. இன்னொன்றும் உண்டு: துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம். கூலிக் கணக்கோடு இதையும் சேர்த்து எழுதினார்கள் பாருங்கள். ஒரே வேலைக்கு இனத்துக்கு ஒரு சம்பளம் என்பதும், எதிரே கிராணியோ துரையோ வந்தால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமுள்ளவை என்று அந்தத் தொழிலாளிக்கு யாரும் புத்தகம் வைத்துச் சொல்லித் தரவில்லை. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

கொடி மாறிய பிறகு

வெள்ளைக்காரன் போனால் எல்லாம் குலைந்துவிடும் என்று ஃபர்னிவல் பயந்தார். பர்மாவில் அது ஓரளவு பலித்தது. 1942இல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே வெளியேறினார்கள். 1960களில் மிச்சமிருந்த கடைகளையும் தொழில்களையும் ராணுவ அரசு எடுத்துக்கொண்டது. மலாயாவில் வேறு மாதிரி நடந்தது. பெட்டிகளை உடைக்காமல், பெட்டிக்கு ஒரு கட்சி வைத்துப் பேரம் பேசினார்கள்.

1946 ஏப்ரலில் பிரிட்டன் கொண்டுவந்த மலாயன் யூனியன், சுல்தான்களின் அதிகாரத்தைக் குறைத்து மற்றவர்களுக்குத் தாராளமாகக் குடியுரிமை தர முயன்றது. அதை எதிர்த்து மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோ பிறந்தது. அதே வருடம் இந்தியர்களின் கட்சியான ம.இ.கா., 1949இல் சீனர்களின் கட்சியான ம.சீ.ச. 1948இல் யூனியன் போய்க் கூட்டரசு மலாயா வந்தது.

வேறு வழி இல்லாமல் போனதால்தான் இப்படி ஆயிற்று என்று பள்ளிப் பாடம் படித்தவர்களுக்குத் தோன்றும். வழி இருந்தது. 1947இல் மலாய் இடதுசாரிக் கட்சிகளும் மற்ற இனத்தாரின் அமைப்புகளும் சேர்ந்து ஒரு மக்கள் அரசியல் சாசனத்தையே எழுதின. ம.இ.கா.வின் முதல் தலைவர் ஜான் தீவியும் அதில் இருந்தார். அக்டோபர் 20 அன்று நாடு தழுவிய ஹர்த்தால், கடைகள் மூடிக் கிடந்தன. அடுத்த ஜூனில் அவசரகாலம் அறிவித்தார்கள், அந்த அணியிலிருந்த பலரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். இன்னொரு முயற்சியை அம்னோவைத் தொடங்கிய டத்தோ ஓன் ஜாஃபாரே செய்தார். கட்சியை எல்லா இனத்தாருக்கும் திறந்துவிடச் சொன்னார், கட்சி கேட்கவில்லை. 1951இல் வெளியேறிப் புதுக்கட்சி ஆரம்பித்தார். 1952இல் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தல் வந்தது. அம்னோவும் ம.சீ.ச.வும் தொகுதி உடன்பாடு செய்து 12 இடங்களில் 9ஐப் பிடித்தன. ம.இ.கா. அந்தத் தேர்தலில் ஓன் பக்கம் நின்றது, 1954இல்தான் கூட்டணிக்கு வந்தது. 1955 பொதுத்தேர்தலில் மூன்று கட்சிக் கூட்டணிக்கு 52இல் 51 இடம். இனவாரிக் கட்சிகள் கூடிப் பேரம் பேசினால் ஜெயிக்கலாம் என்பது அன்று உறுதியாயிற்று. கோலாலம்பூர் நகராட்சியில் எழுதிய சூத்திரம் அறுபது வருடத்துக்கு மேல் நாட்டை ஆண்டது.

1957 ஆகஸ்ட் 31 சுதந்திரம். பேரத்தின் சுருக்கம்: மலாய்க்காரர் அல்லாதவர்களுக்குக் குடியுரிமை, மலாய்க்காரர்களின் சிறப்பு நிலைக்கு அரசியல் சாசனத்தின் 153ஆவது பிரிவில் பாதுகாப்பு, மலாய் தேசிய மொழி. மேலிடத்துக்கு இது பொருந்தி வந்தது. லயத்தில் இருந்தவர் வரை அந்தக் குடியுரிமை ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல், மனுப் போடத் தெரியாமல், குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாளக் கார்டோடே காலம் தள்ளியவர்கள் ஏராளம். 1963இல் சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா. 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது. சபா, சரவாக்கின் பூர்வகுடிகளான கடசான், இபான் மக்களைப் பாரத்தில் எங்கே போடுவது என்ற தலைவலியும் கூடவே வந்தது.

1969 மே 10 தேர்தலில் கூட்டணி சரிந்தது. மே 13 கோலாலம்பூரில் கலவரம், அரசுக் கணக்கில் 196 பேர் இறந்தார்கள். நாடாளுமன்றம் 1971 வரை கூடவில்லை. பிறகு வந்ததுதான் புதிய பொருளாதாரக் கொள்கை. அதன் இரண்டு குறிக்கோள்களில் ஒன்று, எந்த இனமானாலும் வறுமையை ஒழிப்பது. மற்றொன்று, இன்ன இனம் என்றால் இன்ன தொழில் என்ற அடையாளத்தை நீக்குவது. ஃபர்னிவல் கண்டுபிடித்த நோய்க்கு இதைவிட நேரான மருந்துச் சீட்டு எந்த நாட்டு அரசும் எழுதியதில்லை என்பேன். மலாய் டாக்டர், மலாய் வங்கி மேலாளர், மலாய் இன்ஜினியர் என்று ஒரு பெரிய நடுத்தர வர்க்கம் உண்டானது. 1957இல் அது இல்லை, இதை மறுப்பவர் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறார். ஆனால் இனத்தையும் தொழிலையும் பிரிக்க, அரசு ஒவ்வொரு இடத்திலும் முதலில் இனத்தைக் கேட்க வேண்டியிருந்தது: பல்கலைக்கழக இடம், பங்கு, உரிமம், வீடு. பெட்டிகள் முன்னைவிட முக்கியமாகிவிட்டன.

தோட்டத்துத் தமிழருக்கு இதில் கிடைத்தது குறைவு. 1950களிலிருந்தே ஆங்கிலக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அதற்கு ஆள் குறைவாகப் போதும். அப்புறம் வீடமைப்புத் திட்டங்கள். லயம் கம்பெனி வீடு. தோட்டம் கைமாறும் நாளில் வேலை, வீடு, கோயில், பள்ளி நாலும் ஒன்றாகப் போகும். கம்பத்தில் இருப்பவருக்கு ஒதுக்கீட்டு நிலமாவது உண்டு. மூன்று தலைமுறை உழைத்தவருக்குப் பேர் எழுதிய ஓர் அடி மண்கூடக் கிடையாது. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் தெருவில், இந்து உரிமைகளுக்காகப் போராடிய ஹிண்ட்ராப் அமைப்பின் பேரணியில் ஆயிரமாயிரமாக வந்து நின்றவர்களில் பலர் இந்தத் தோட்டங்களிலிருந்து பெயர்ந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான்.

சந்தையைத் தவிர வேறொன்றும் இல்லையா?

ஃபர்னிவல் சொன்ன மாதிரி சந்தை ஒன்றுதான் நம்மைச் சேர்த்து வைத்திருக்கிறதா? பினாங்கு தைப்பூசத்தில் வெள்ளி ரதம் வரும் வழியில் தேங்காய் மலையாகக் குவித்து உடைப்பவர்களில் சீனர்கள் எத்தனை பேர் என்று நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். விளம்பரத்துக்குச் செய்வதில்லை, நேர்த்திக்கடன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவில் ஆங்கிலிக்கன் தேவாலயம், சீனரின் குவான் இன் கோயில், மாரியம்மன் கோயிலின் பின்புறம், பள்ளிவாசல் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதில் அந்தத் தெருவுக்கும் பங்கு உண்டு. நம் பிள்ளைகள் பேசும் தமிழில் பாதி மலாய், மீதியில் கொஞ்சம் ஹொக்கியன். இதையெல்லாம் அவர் கணக்கில் எடுக்கவில்லை.

ஆனாலும் ஜாக்கிரதை. தேங்காய் சேர்ந்து உடைத்தவர்கள் வாக்குச்சாவடியில் சேர்ந்து நிற்பார்கள் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இன்றைக்கும் இருக்கின்றன. மொழியைக் காப்பாற்றியது அவைதான். அதே பள்ளியில் ஆறு வருடம் படிக்கும் பிள்ளைக்கு வகுப்பில் ஒரு மலாய் நண்பனோ சீன நண்பனோ கிடைப்பது அபூர்வம். இரண்டும் உண்மை. எனக்குத் தமிழ்ப் பள்ளி வேண்டும். அதற்காக இரண்டாவது உண்மையைப் பேசாமல் இருக்க முடியாது.

பன்மைச் சமூகம் பழைய காலனிக் கதை என்று நினைத்தால், நாளைக்கு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், தே தாரிக் (ஆற்றிய டீ) சொல்லும்போது கொண்டுவருபவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் வங்காளதேசத்தவர் அல்லது தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்த தம்பி. குடியிருப்பு வாசலில் காவலுக்கு நிற்பவர் நேபாளி. வெளிநாட்டவரில் காவலர் வேலைக்கு நேபாளிகளைத்தான் எடுக்கலாம் என்று அரசு விதி வைத்திருந்தது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர் இந்தோனேசியர். எந்த நாட்டுக்காரர் எந்தத் துறையில் வேலை செய்யலாம் என்று பட்டியல் உண்டு. அதை இப்போது எழுதுவது புத்ராஜெயாவில் இருக்கும் நம் அரசாங்கம். ஆள் பிடிப்பவருக்குக் கங்காணி என்று பேரில்லை, ஏஜெண்ட் என்று பேர். வருபவர் மறுபடியும் கடனோடு இறங்குகிறார். அவர்களுக்கு 'லாயின்-லாயின்' பெட்டிகூடக் கிடையாது. மக்கள்தொகைக் கணக்கில் இனங்களுக்கெல்லாம் வெளியே, குடிமக்கள் அல்லாதோர் என்று தனியாக ஒரு வரியில் வருகிறார்கள்.